பழைய வேம்பயர் கதைகளைப் படிக்கும் முறை: எதில் தொடங்குவது, எதைக் குறித்துக்கொள்வது, எங்கே தேங்கும்

'டிராகுலா'வை ஆசையாக எடுத்து நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். முதல் நான்கு அத்தியாயம் பறக்கும். ஐந்தாவதில் திடீரென்று இரண்டு பெண்கள் கல்யாணம் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்வார்கள், டிராகுலா பிரபு காணாமல் போயிருப்பார், புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். படிக்கும் வரிசையும் படிக்கும் முறையும் சரியாக இருந்தால் இது நடக்காது. 19-ஆம் நூற்றாண்டின் மூன்று முக்கிய வேம்பயர் கதைகளை, அதாவது போலிடோரியின் 'த வேம்பயர்', லெ ஃபானுவின் 'கார்மில்லா', ஸ்டோக்கரின் 'டிராகுலா' ஆகியவற்றை, ஒரு மாதத்துக்குள் முழுமையாகப் படித்து முடிக்க இந்த வழிகாட்டி உதவும். கதையின் திருப்பங்கள் வழியில் வெளிப்படும். டிராகுலாவின் முடிவு மட்டும் தனித் தலைப்பில் வருகிறது. அது தெரிய வேண்டாம் என்பவர்கள் அந்தப் பகுதியைப் பிறகு படிக்கலாம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி கோடு போடுங்கள்: தேதி, எழுதுபவர் அல்லது சொல்பவர், யாரிடம் எதை மறைக்கிறார்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். இந்தக் கதைகளில் வேம்பயர் ஜெயிப்பது பல்லால் அல்ல. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் ஜெயிக்கிறது. மூன்று கதையிலும் இது ஒவ்வொரு விதமாக நடக்கிறது. எழுதி வைத்தால் கண்ணுக்குத் தெரியும், எழுதாமல் படித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வேம்பயருக்கும் ஐந்து கேள்வி: பகலில் நடமாடுகிறதா, நிலா வெளிச்சம் என்ன செய்கிறது, கண்ணாடியில் தெரிகிறதா, உள்ளே வர அழைப்பு வேண்டுமா, எப்படி அழிகிறது. கதை பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். சினிமாவில் பார்த்ததை வைத்து நிரப்பாதீர்கள்.

மூன்று நூலுமே காப்புரிமை முடிந்தவை, புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'டிராகுலா' அங்கே 345-ஆம் எண், 'கார்மில்லா' 10007, போலிடோரியின் 'த வேம்பயர்' 6087. அச்சுப் புத்தகம் வாங்குவதானால் சுருக்கப்பட்ட பதிப்பா என்று முதலில் பாருங்கள். 'டிராகுலா'வில் 27 அத்தியாயம் இருக்க வேண்டும், 'கார்மில்லா'வில் ஒரு முன்னுரையும் 16 அத்தியாயமும் இருக்க வேண்டும். குறைந்தால் அது முழு நூல் அல்ல. சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது கடிதங்களையும் தந்திகளையும் செய்தித்தாள் துணுக்குகளையும்தான். இந்த நாவலின் பயமே அவற்றில்தான் இருக்கிறது.

'டிராகுலா'வில் இன்னொரு பதிப்புச் சிக்கலும் உண்டு. லண்டனில் 1897 மே 26 அன்று வந்த முதல் பதிப்பில், நான்காம் அத்தியாயத்தில் கதவுக்கு வெளியே பிரபு தன் கோட்டையில் இருக்கும் மூன்று வேம்பயர் பெண்களிடம் பொறுத்திருக்கச் சொல்லி, நாளை இரவு உங்களுடையது என்கிறார். 1899-இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் கூடுதலாக, இன்றிரவு என்னுடையது என்றும் சொல்கிறார். அந்த இரவில், கோட்டைக்கு வந்திருக்கும் ஆங்கிலேய வழக்கறிஞர் ஜொனதன் ஹார்க்கருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி முற்றிலும் வேறு பதில் தருகிறது. உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழற்றி வைக்க வேண்டியவை

வெயில் பட்டால் வேம்பயர் செத்துவிடும் என்பது 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படம் கொண்டுவந்தது. மூன்று நூலிலும் அது இல்லை. டிராகுலா செப்டம்பர் மாதத்துப் பகலில் லண்டன் பிக்காடிலி தெருவில் நின்று ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பகலில் அவர் இழப்பது உருமாறும் சக்தியை, அதுவும் முழுதாக அல்ல.

காதுக்கு மேல் நிற்கும் காலர் மேடை நாடகத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1924-இல் ஹாமில்டன் டீன் போட்ட நாடகமும், 1931-இல் பெலா லுகோசி நடித்த ஹாலிவுட் படமும் நிலைநாட்டிய தோற்றம் அது. நாவலில் கதவைத் திறப்பவர் நீண்ட வெள்ளை மீசை வைத்த உயரமான கிழவர், உள்ளங்கையில் முடி இருக்கும். கதை போகப் போக அவருக்கு இளமை திரும்புகிறது. மீசையை மனதில் வரைந்துகொள்ளாமல் முதல் அத்தியாயங்களைப் படித்தால், பிக்காடிலியில் நிற்பவரின் மீசை கறுத்திருப்பதன் அர்த்தம் பிடிபடாது.

மூன்றாவது, டிராகுலா இவன்தான் என்று பலர் நினைக்கும் மூன்றாம் விளாட், இன்றைய ருமேனியாவில் இருக்கும் வாலேகியாவின் அரசன். எதிரிகளைக் கழுவேற்றியதற்காகப் பேர் பெற்றவன். ஸ்டோக்கர் டிராகுலா என்ற பெயரை 1890-இல் இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியின் நூலகத்தில் எடுத்த வில்லியம் வில்கின்சனின் பழைய நூலில் பார்த்தார். பெயரும் துருக்கியருக்கு எதிரான போர் பற்றிய சில வரிகளும் அதிலிருந்து வந்தன. அவருடைய குறிப்புத் தாள்கள் பிலடெல்பியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுவேற்றிய அரசனைப் பற்றிய தகவல் அவற்றில் இல்லை. ஸ்டோக்கர் ருமேனியாவுக்குப் போனதும் இல்லை. விளாடின் வரலாற்றை முதலில் படித்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் பக்கத்துக்குப் பக்கம் அவனைத் தேடி ஏமாறுகிறார்கள். வரலாறு வேண்டுமானால் நாவலை முடித்த பிறகு படியுங்கள்.

ஊர்மக்கள் நம்பிய வேம்பயர் வேறு, கதை வேம்பயர் வேறு என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1725-இல் செர்பியாவின் கிசிலேவோவிலும், 1731-32 குளிர்காலத்தில் மெத்வெஜா கிராமத்திலும் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்ததை ஆஸ்திரிய அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் அறிக்கையாக எழுதினார்கள். அங்கே கிடந்தவை உப்பிச் சிவந்த உடல்கள், வாயோரம் ரத்தம். உள்ளே சேரும் வாயு உடலை உப்பவைத்து, அழுகிய சிவப்புத் திரவத்தை வாய்க்குத் தள்ளும். தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்தது போலத் தெரியும். அந்த வேம்பயர்கள் குடியானவர்கள், சொந்தக் குடும்பத்தையும் அண்டை வீட்டாரையும் பிடித்தவர்கள். வெளிறிய முகமும் பட்டமும் பண்ணையும் உள்ள கனவானாக வேம்பயரை மாற்றிப் புகழ்பெற வைத்தது போலிடோரியின் கதை. ஆகவே அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதல் நாள்: போலிடோரி, ஒரே அமர்வு

1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் கவிஞர்கள் பைரன், ஷெல்லி, பிறகு மேரி ஷெல்லி ஆகவிருந்த மேரி காட்வின், கிளேர் கிளேர்மாண்ட், பைரனின் மருத்துவர் ஜான் போலிடோரி ஆகியோர் கூடினார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துத் தூசி வானத்தை மறைத்திருந்ததால் அந்த ஆண்டு கோடையே சரியாக வரவில்லை. மழை அடைத்துப் போட்ட வீட்டில் பேய்க்கதை எழுதும் போட்டி. பைரன் தொடங்கிப் பாதியில் விட்டதை எடுத்துப் போலிடோரி எழுதிய கதை 1819 ஏப்ரல் 1 அன்று ஒரு லண்டன் மாத இதழில், பைரனின் பெயரில் வெளியானது. எழுதியவர் இரண்டு ஆண்டில், 25 வயதில் இறந்தார்.

கதை சிறியது, ஒரு மணி நேரத்துக்குள் முடியும். வாக்கியங்கள் நீளம், பத்திகள் அதைவிட நீளம். இங்கே மெதுவாகப் படிக்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று, கிரேக்க மலைப்பாதையில் கொள்ளையர் சுட்டு, இந்தக் கதையின் வேம்பயரான லார்ட் ருத்வன் சாகும் இடம். சாகும் முன் அவன், கூடப் பயணம் செய்த இளைஞன் ஆப்ரியிடம், ஓராண்டும் ஒரு நாளும் தன்னைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று சத்தியம் வாங்குகிறான். நிலவின் முதல் கதிர் படும்படி பிணத்தை மலை உச்சியில் கிடத்த ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான். பிணம் காணாமல் போகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிலவுக்கு எதிரே எழுத வேண்டியது இதுதான்.

இரண்டாவது, லண்டன் விருந்தில் ருத்வன் உயிரோடு வந்து சத்தியத்தை நினைவுபடுத்தும் இடம். பிறகு ஆப்ரியின் தங்கைக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. சத்தியக் கெடு முடிவது கல்யாண நாளின் நள்ளிரவில். கெடு முடிந்ததும் ஆப்ரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாகிறான், தங்கையைக் காப்பாற்ற ஆள் ஓடுகிறார்கள், நேரம் கடந்துவிடுகிறது. நோட்டின் மூன்றாவது பத்தியில் ஒரே வரி போதும்: வாயைக் கட்டியது சத்தியம். பூண்டு, சிலுவை, நெஞ்சில் அடிக்கும் மரமுளை எதுவும் இந்தக் கதையில் ருத்வனைத் தடுப்பதில்லை. அவன் தப்பித்துவிடுகிறான்.

இடையில் 1845 முதல் 1847 வரை வாரத் துணுக்காக விற்ற 'வார்னி' இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். முழுதாகப் படிக்க வேண்டாம். ஆலங்கட்டி மழை அடிக்கும் முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். ஜன்னல் கண்ணாடியை நகம் தட்டும் ஓசை, கூரிய பல், கழுத்து என்று பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பல சாமான்கள் அந்த ஒரு அத்தியாயத்திலேயே கிடைக்கும். தொடர்ந்து படித்தால் கதை தானே சொன்னதை மறந்துவிடுவது தெரியும். வாரா வாரம் பக்கம் நிரப்ப எழுதப்பட்டதன் விளைவு அது.

இரண்டு முதல் நான்காம் நாள்: கார்மில்லா

டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு எழுதியது. 1871-72-இல் ஒரு மாத இதழில் தொடராக வந்து, 1872-இல் அவருடைய தொகுப்பில் சேர்ந்தது. களம் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா. முன்னுரையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கதை சொல்லும் லாரா இப்போது உயிரோடு இல்லை என்ற செய்தி அங்கேதான், ஒரு வாக்கியத்தில் போகிற போக்கில் வருகிறது.

முதல் அத்தியாயத்தில் லாராவுக்கு வயது ஆறு. இரவில் ஓர் அழகான பெண் படுக்கையருகே வந்து, கூடவே படுத்து, இரண்டு ஊசி மார்பில் இறங்கியது போலக் குழந்தை அலறுகிறது. பெரியவர்கள் கனவு என்கிறார்கள். ஆனால் பணிப்பெண்களில் ஒருத்தி மெத்தையின் குழிவில் கையை வைத்துப் பார்த்து, இங்கே யாரோ படுத்திருந்தார்கள், இடம் இன்னும் சூடாக இருக்கிறது என்று மற்றவளிடம் மெல்லச் சொல்கிறாள். ரத்தமோ பல்லோ காட்டாமல் லெ ஃபானு வேலையை முடிக்கும் இடம் இது. இதை இரண்டு முறை படியுங்கள். கதை முழுக்க அவர் இப்படித்தான் செய்கிறார்: பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், சிறு பொருள் ஒன்று அதை மறுக்கும்.

முதல் அமர்வில் ஐந்தாம் அத்தியாயம் வரை போய்விடுங்கள். நான்காவதில், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கார்மில்லா மதியத்துக்குப் பிறகுதான் எழுந்து வருவதும், ஊர்வலத்தின் சாவுப் பாட்டைக் கேட்டு உடல் நடுங்குவதும், வித்தைக்காரக் கூனன் அவளுடைய ஊசிப் பல்லைப் பார்த்து அராவித் தருகிறேன் என்பதும் வரிசையாக நடக்கின்றன. ஐந்தாவதில் பழுதுபார்த்துவந்த படத்தில் 1698 என்ற ஆண்டும் கார்மில்லாவின் முகமும், கழுத்து மச்சம் உட்பட. இத்தனை துப்பும் வாசகர் கையில் கிடைத்த பிறகும் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லையே என்று எரிச்சல் வரும். அந்த இடத்தில் நோட்டைத் திறந்து, யார் யாருக்கு எது தெரியும் என்று எழுதுங்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஜெனரல் ஸ்பீல்ஸ்டார்ஃப் எழுதிய கடிதம் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. துக்கத்தில் புத்தி பேதலித்து எழுதியிருக்கிறார் என்று லாராவின் அப்பா ஒதுக்கிவிட்டார். ஒன்பதாம் அத்தியாயத்தில் மருத்துவர் லாராவின் கழுத்துக்குக் கீழே இருக்கும் சிறு நீலப் புள்ளியைப் பார்த்து அப்பாவைத் தனியே அழைத்துப் பேசுகிறார். அப்பா அதை மகளிடம் சொல்வதில்லை. இங்கே வாயைக் கட்டுவது பாசம்.

தேக்கம் வருவது பதினொன்றாம் அத்தியாயத்தில். ஜெனரல் தன் வளர்ப்புப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குவார், நமக்கு அது முன்பே தெரிந்த கதையாக இருக்கும். வேகமாகப் புரட்டத் தோன்றும். அப்படிச் செய்யாமல் ஒரு பக்கத்தில் லாரா, எதிர்ப்பக்கத்தில் ஜெனரலின் பெண் என்று இரு நோயாளிகளின் அறிகுறிகளையும் நேருக்கு நேர் எழுதுங்கள். விருந்தாளியாக வந்த விதம், அம்மா என்று சொல்லிக்கொண்டவளின் அவசரம், பூட்டிய அறையிலிருந்து காணாமல் போவது எல்லாம் வரிக்கு வரி ஒன்றும். மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதி எழுத்துகளைக் கலைத்துப் பாருங்கள். பெயரை மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது என்பது அவளுக்கு உள்ள கட்டுப்பாடு. கடைசிப் பக்கத்தில் அழிவுக்கு எதிரே முளை, தலை வெட்டு, எரித்த சாம்பலை ஆற்றில் விடுதல் மூன்றையும் எழுதுங்கள். மூன்று நூலில் முழுச் சடங்கோடு அழிக்கப்படுகிற தலைமை வேம்பயர் இவள் ஒருத்திதான்.

ஐந்தாம் நாளிலிருந்து: டிராகுலா

ஏறக்குறைய 1,60,000 சொற்கள். நிமிடத்துக்கு 180 சொல் வேகத்தில் 15 மணி நேரம் ஆகும். நாளுக்கு முக்கால் மணி வைத்தால் மூன்று வாரம். நாட்களைச் சமமாகப் பிரிக்காமல், அத்தியாயங்களை இந்தக் கட்டுகளாகப் பிரியுங்கள்: 1 முதல் 4, 5 முதல் 8, 9 முதல் 12, 13 முதல் 16, 17 முதல் 21, 22 முதல் 25, கடைசி இரண்டு. ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் ஏதோ ஒன்று முடிகிறது அல்லது பிடிபடுகிறது. கட்டின் நடுவில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் தேதிகள் கலங்கிவிடும்.

முதல் கட்டு முழுக்க ஹார்க்கரின் நாட்குறிப்பு, மே 3 முதல் ஜூன் 30 வரை. மே 4 அன்று விடுதிக்காரி புனித ஜார்ஜ் தினத்துக்கு முந்தைய இரவு என்று அழுகிறாள். அந்தத் திருநாள் ஏப்ரல் 23 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். அந்தப் பகுதி பழைய ஜூலியன் கணக்கைப் பின்பற்றுகிறது, 19-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், ஆக மே 5. மே 8 அன்று சவரக் கண்ணாடியில் பிரபு தெரிவதில்லை. மே 19 அன்று பிரபு மூன்று கடிதங்களை ஜூன் 12, 19, 29 என்று பிந்தைய தேதியிட்டு எழுதச் சொல்கிறார். தன் ஆயுள் எந்தத் தேதி வரை என்று ஹார்க்கருக்கு அப்போது விளங்குகிறது. இந்த மூன்று தேதியையும் நோட்டில் வட்டமிடுங்கள்.

ஹார்க்கர் எழுதுவது சுருக்கெழுத்தில் என்பதையும் கவனியுங்கள். அவர் ரகசியமாக அனுப்பப் பார்த்த இரண்டு கடிதங்களும் பிரபுவின் கைக்கே போகின்றன. சாதாரண எழுத்தில் இருப்பதைப் புது உறையில் போட்டுத் தரச் சொல்கிறார். படிக்க முடியாத சுருக்கெழுத்துக் கடிதத்தை விளக்கில் காட்டி எரிக்கிறார். அவருக்கு எட்டாத ஒரு எழுத்துமுறை இருக்கிறது, அது ஹார்க்கருக்கு நிச்சயமான மினாவுக்கும் தெரியும். பின்னால் இந்த நாவலில் வேட்டைக்காரர்களின் பெரிய ஆயுதமே இந்த எழுத்துவேலைதான்.

இரண்டாவது கட்டில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள், காரணங்கள் மூன்று. முதலாவது, தேதி பின்னோக்கிப் போகிறது. ஜூன் 30-இல் நின்ற கதை ஐந்தாம் அத்தியாயத்தில் மே 9-க்குத் திரும்புகிறது. நோட்டில் தேதிப் பத்தி இருந்தால் இது ஒரு நொடி வேலை. இரண்டாவது, விட்பி கிழவர் ஸ்வேல்ஸின் யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. அகராதியில் தேட வேண்டாம், வாய்விட்டுப் படியுங்கள், பாதி புரியும். அவர் சொல்வதில் வேண்டியது ஒன்றே: அந்தக் கல்லறைக் கற்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் பொய், மினாவின் தோழி லூசி ஆசையாக உட்காரும் பலகைக்குக் கீழே இருப்பது தற்கொலை செய்துகொண்டவனின் சமாதி. ஆகஸ்ட் 11 விடியலுக்கு முன் தூக்கத்தில் நடந்துபோன லூசியை மினா அதே இடத்தில்தான் கண்டுபிடிக்கிறாள். மூன்றாவது காரணம், பிரபு வாய் திறப்பதே நின்றுவிடுகிறது. இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். எல்லாரும் எழுதும் இந்த நாவலில் அவருக்கு மட்டும் நாட்குறிப்பு கிடையாது. கோட்டையை விட்டுக் கிளம்பிய பிறகு அவரைப் பெரும்பாலும் தடயமாகத்தான் பார்ப்போம்: ஒரு நாய், ஒரு மூடுபனி, ஒரு சரக்குச் சீட்டு.

ஏழாம் அத்தியாயத்தில், பிரபு இங்கிலாந்துக்கு வரும் 'டெமீட்டர்' கப்பலின் பதிவேடு வரும். கப்பல் கரை மோதிய பிறகே பதிவேடு நமக்குக் கிடைக்கிறது. ஜூலை 6 அன்று வார்னாவில் பாய்விரித்ததிலிருந்து ஒவ்வொரு மாலுமியாகக் காணாமல் போகும் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். கப்பல்தலைவன் சக்கரத்தில் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு செத்திருந்தான் என்பது முன்பே தெரிந்திருந்தும் மனம் பதறும். 1885 அக்டோபர் 24 அன்று விட்பியில் கரைதட்டிய 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பலைப் பற்றி ஸ்டோக்கர் 1890-இல் அங்கே தங்கியபோது கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் துறைமுகம் நார்வா. எழுத்தை மாற்றிப் போட்டால் வார்னா.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரு வார இறுதியில் ஒரே மூச்சாகப் படிக்கலாம். லூசிக்கு நான்கு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள்: அவளுக்கு நிச்சயமான ஆர்தர், மனநல மருத்துவர் செவர்ட், செவர்டின் ஆசிரியர் வான் ஹெல்சிங், அமெரிக்க நண்பர் குவின்சி மாரிஸ் என்ற வரிசையில், செப்டம்பர் 7, 10, 13, 18 தேதிகளில். ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது 1900-க்குப் பிறகு, ஆகவே யாரும் பொருத்தம் பார்ப்பதில்லை. அதை நாவலின் பிழையாக எண்ண வேண்டாம், அன்றைய மருத்துவம் அவ்வளவுதான்.

இந்தக் கட்டில் நோட்டின் மூன்றாவது பத்தி நிரம்பி வழியும். லூசியின் அம்மாவுக்கு இதயம் பலவீனம், அதனால் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறதே என்று அவரே பூண்டுப் பூக்களை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறார். செவர்ட் ரத்தம் கொடுத்தது ஆர்தருக்குத் தெரியாது. மினா வெளியூரில், லூசியின் நோய் அவளுக்குத் தெரியாது. பிறகு அந்தத் தந்தி. அன்றிரவு லூசியோடு இரு என்று ஆன்ட்வெர்ப்பிலிருந்து வான் ஹெல்சிங் செவர்டுக்கு அடித்தது, மாவட்டத்தின் பெயர் போடாததால் சசெக்ஸுக்குப் போய்ச் சுற்றி 22 மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. அந்த இரவில்தான் ஓநாய் ஜன்னலை உடைக்கிறது. தந்தியின் தலைப்பில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தக் குறிப்பை ஓடும் கண் தவறவிடும். கடித முகப்பு, முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றைக் கதையின் பகுதியாகவே படியுங்கள்.

பதினேழாம் அத்தியாயம் திருப்பம். மினா தட்டச்சு இயந்திரத்தில் உட்காருகிறாள். ஹார்க்கரின் சுருக்கெழுத்து, செவர்ட் மெழுகு உருளையில் பேசிப் பதிந்த நாட்குறிப்பு, பத்திரிகைத் துணுக்கு எல்லாவற்றையும் தேதி வரிசையில் பல படிகளாக அடிக்கிறாள். இதுவரை நாம் படித்துக்கொண்டிருந்தது அவள் அடித்த அந்தக் கட்டுதான் என்பது இங்கே உறைக்கிறது. நீங்கள் நோட்டில் செய்துவந்த வேலையை அவளும் செய்திருக்கிறாள். மறைப்பு முடிந்தது, வேம்பயர் தோற்கத் தொடங்க வேண்டும். ஆனால் பதினெட்டாம் அத்தியாயத்தில் வான் ஹெல்சிங் வேம்பயரைக் கட்டுப்படுத்தும் எல்லாச் சட்டங்களையும் விளக்கி முடித்த கையோடு, பெண் மனம் தாங்காது என்று மினாவைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து அவளுக்கு உடல் சோர்வு, முகம் வெளிறுதல். லூசியின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே அறிகுறிகள். பக்கத்து அறையில் மருத்துவர் இருந்தும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அந்தப் பதினெட்டாம் அத்தியாயச் சட்டப் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் முழுதாக எழுதுங்கள்: வீட்டார் ஒருவர் அழைக்காமல் முதல் முறை நுழைய முடியாது, ஓடும் நீரைக் கடல் ஓதம் ஏறும் வேளையிலோ அசையாமல் நிற்கும் வேளையிலோதான் கடக்கலாம், நிழலும் பிம்பமும் கிடையாது, சவப்பெட்டி மேல் காட்டு ரோஜாக் கிளை வைத்தால் எழ முடியாது, தன் மண்ணில்தான் இளைப்பாற முடியும். மண்ணுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சொந்த மண்ணை நிரப்பி அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது மொத்தம் 50 பெட்டி. அவர் வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டில் 29, லண்டனில் மைல் எண்டில் 6, பெர்மாண்ட்சியில் 6, பிக்காடிலியில் 9. வேட்டை முடியும்போது பிக்காடிலியில் எட்டுதான் இருக்கிறது. மிச்சமுள்ள அந்த ஒரு பெட்டியைத் துரத்துவதுதான் கடைசி ஐந்து அத்தியாயம். கணக்கு கையில் இல்லாதவர்களுக்கு 22 முதல் 25 வரை வெறும் கப்பல் அலுவலக விசாரணையாகத் தோன்றும்.

அங்கே ஒரு வரைபடம் விரித்துக்கொள்ளுங்கள். வார்னா, கலாட்ஸ், செரெத் ஆறு, பிஸ்ட்ரிட்சா ஆறு, போர்கோ கணவாய் ஐந்தும் குறித்தால் போதும். வேட்டைக்காரர்கள் வார்னாவில் காத்திருக்க, கப்பல் மூடுபனியில் கலாட்ஸுக்குப் போய்விட்டது என்ற செய்தி அக்டோபர் 28 அன்று வரும்போது அந்தத் தூரம் கண்ணில் தெரிய வேண்டும். அடுத்து பிரபு எந்த வழியாகப் போவார் என்று வாதங்களை அடுக்கி முடிவு சொல்வது மினா. அந்தக் குறிப்பை வரைபடத்தில் விரல் வைத்துப் படியுங்கள்.

முடிவு பற்றி

நவம்பர் 6, சூரியன் மறையப் போகும் நேரம். ஹார்க்கரின் குக்ரி கத்தி தொண்டையை அறுக்கிறது, குவின்சியின் போவி கத்தி நெஞ்சில் இறங்குகிறது, உடல் தூளாகிறது. மரமுளை இல்லை. செப்டம்பர் 29 அன்று லூசிக்குச் செய்த சடங்கு எதுவும் இல்லை. உப்புச்சப்பில்லாமல் முடிந்துவிட்டது என்பவர்கள் உண்டு. விதிப்படி செய்யாததால் அவர் உண்மையில் சாகவில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டையும் விட, அந்தக் கடைசிப் பத்தியின் சாட்சி யார் என்று பார்ப்பது பயன் தரும். எழுதுவது மினா. கழுத்தில் பிரபுவின் அடையாளத்தோடு நின்றவள், தூளாகும் கணத்தில் அந்த முகத்தில் அமைதி தெரிந்ததாகப் பதிவு செய்கிறாள். ஆண்கள் யாருடைய குறிப்பிலும் அது இல்லை.

இதற்குப் பிறகு

ஸ்டோக்கர் இறந்த பிறகு 1914-இல் வெளியான 'டிராகுலாவின் விருந்தாளி'யைப் பலர் நாவலுக்கு முன் படிக்கிறார்கள். பின்னால் வையுங்கள். பெயர் சொல்லப்படாத ஆங்கிலேயன் மியூனிக் அருகே பனியில் சிக்கும் அந்தக் கதையில், ஸ்டிரியாவைச் சேர்ந்த ஒரு சீமாட்டியின் கல்லறை வருகிறது. 'கார்மில்லா' படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும்.

பிரெஞ்சுக்காரர் கோத்தியே 1836-இல் எழுதியது, வேம்பயர் மீது காதல் கொண்ட பாதிரியாரின் கதை, ஒரு மாலையில் முடியும். எம். ஆர். ஜேம்ஸ் 1904-இல் வெளியிட்ட 'கவுண்ட் மேக்னஸ்' அதைவிடச் சிறியது, கல்லறைப் பூட்டுகளை எண்ணிக்கொண்டே படியுங்கள். ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ரஷ்யரான அலெக்ஸி டால்ஸ்டாய் 1839 வாக்கில் பிரெஞ்சில் எழுதிய வூர்தலாக் (ஒரு வகை வேம்பயர்) குடும்பத்தின் கதையை எடுங்கள். அதில் கனவான் வேம்பயரும் இல்லை, கோட்டையும் இல்லை. செர்பியக் குடியானவர் கோர்ச்சா கொள்ளைக்காரனைத் தேடி மலைக்குப் போகிறார். பத்து நாளில் திரும்பாவிட்டால், பிறகு நான் வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று மகன்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பத்தாம் நாள், கெடு முடியும் அதே வேளையில் வாசலில் வந்து நிற்கிறார். கெடு முடிந்துவிட்டதா இல்லையா என்று மகன்களால் முடிவு செய்ய முடிவதில்லை. அந்த வீட்டில் யார் அதை வாய்விட்டுச் சொல்கிறார், யார் அடக்குகிறார் என்பதை நோட்டின் மூன்றாவது பத்தியில் எழுதுங்கள். பேரப்பிள்ளையின் பெயருக்கு எதிரே வரும்போது பக்கம் நின்றுவிடும்.